காத்திருப்போர் பட்டியலை எக்செல்லில் நிர்வகிப்பது எப்படி? ஓர் ஆத்தங்குடிக் கல் பட்டறையின் கணக்கு

ரயில் டிக்கெட் எடுத்திருக்கும் எல்லோருக்கும் வெயிட்டிங் லிஸ்ட் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் அந்தப் பட்டியலை அடுத்த பக்கத்திலிருந்து, அதாவது கொடுப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் குறைவு. கையால் பொருள் செய்து விற்கும் சிறு தொழில்காரர்கள் பலர் இந்தப் பட்டியலை ஒரு குயர் நோட்டிலும், மீதியைத் தலைக்குள்ளும் வைத்திருக்கிறார்கள். பொருள் நன்றாக இருந்தால் ஆர்டர் கூடும். ஆர்டர் கூடினால் நோட்டு போதாது. "அண்ணே, நம்ம கல்லு எப்ப வரும்?" என்று போன் வந்தால் வாய்க்கு வந்த தேதியைச் சொல்ல வேண்டியதாகிவிடும். அந்தத் தேதியை நம்பி ஒருவர் பத்திரிகை அடித்துவிடுவார்.

இந்தப் பட்டியலை எக்செல்லில் ஒழுங்காக அமைப்பது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். இங்கு வரும் ஃபங்க்ஷன்கள் மூன்றிலும் உண்டு. ஃபார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஃபங்க்ஷன் பெயர்களையும் செல் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்துத் தொழில். வலையபட்டியில் பழைய வீட்டைப் புதுப்பித்தாலும் புது வீடு கட்டினாலும் தரைக்கு முதலில் வரும் பேச்சு ஆத்தங்குடிக் கல்தான். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, ஆக்ஸைடு கலந்த சிமெண்ட் நிறங்களைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மணலும் சிமெண்டும் கலந்த கலவையைப் போட்டு நிரப்பி மட்டம் செய்வார்கள். பிறகு காய வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும், மறுபடி காய வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருந்த முகம்தான் அந்தப் பளபளப்பைத் தருகிறது. சூளை கிடையாது. இதில் எந்தக் கட்டத்தையும் கூடுதல் பணம் கொடுத்து அவசரப்படுத்த முடியாது. பத்து பேர் வேலை செய்யும் பட்டறை இருபது பேருக்கான ஆர்டரை வாங்கினால், பாதிப் பேர் காத்திருக்கத்தான் வேண்டும்.

வைன் தயாரிப்பாளர்கள் செய்வது என்ன?

இதே பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்தவர்கள் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சிறிய வைன் தயாரிப்பாளர்கள். அங்கு நாப்பா பள்ளத்தாக்கில் ஸ்க்ரீமிங் ஈகிள் என்று ஒரு நிறுவனம். அதன் முதல் வைன் 1992 அறுவடையில் செய்து 1995-ல் விற்பனைக்கு வந்தது. மொத்தமே சுமார் 200 பெட்டிதான், பெட்டிக்கு 12 பாட்டில். கேட்டவர்களோ பல மடங்கு. கொடி ஆண்டுக்கு ஒரு முறைதான் காய்க்கும் என்பதால் கூடுதலாகச் செய்து தள்ளவும் முடியாது.

இப்படிப்பட்ட நிறுவனங்கள் இரண்டு பட்டியல் வைத்திருக்கின்றன. ஒன்று, வாங்கும் உரிமை பெற்றவர்களின் பட்டியல். இரண்டாவது, அந்த முதல் பட்டியலுக்குள் நுழையக் காத்திருப்பவர்களின் பட்டியல். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை முதல் பட்டியலில் இருப்பவர்களுக்குக் கடிதமோ மெயிலோ போகும். "உங்களுக்கு இத்தனை பாட்டில் ஒதுக்கியிருக்கிறோம், இந்தத் தேதிக்குள் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று. இதற்கு அலொகேஷன் என்று பெயர். கெடுவுக்குள் வாங்காவிட்டால் அந்தப் பாட்டில்கள் வேறு ஒருவருக்குப் போகும். பல இடங்களில் பட்டியலில் உள்ள பெயரே போய்விடும், காத்திருப்பவர் ஒருவர் உள்ளே வருவார்.

தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் இருப்பதால், இங்கு ஒரு வைன் தயாரிப்பாளர் இப்படித் தன் வாடிக்கையாளருக்கு நேராகக் கடிதம் போட்டு விற்க வழியே இல்லை. ஆனால் அந்த முறையிலிருந்து கல் பட்டறைக்கு எடுத்துக்கொள்ள மூன்று விஷயங்கள் உண்டு. ஒருவருக்கு ஒரு முறையில் இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு, பதில் சொல்ல ஒரு கெடு, பதில் வராவிட்டால் அடுத்தவர்.

எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. வைன் வாங்குபவர் ஆண்டுதோறும் வாங்குவார். இந்த ஆண்டு வேண்டாம் என்றால் இடம் போய்விடுமே என்ற பயத்திலேயே பலர் வாங்குகிறார்கள். அப்படி வாங்கியதைக் கூடுதல் விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குத் தரை போடுகிறவர் வாழ்க்கையில் ஒரு முறையோ இரண்டு முறையோதான் வாங்குவார். பேங்க் லோனின் அடுத்த தவணை வரவில்லை என்பதால் இரண்டு மாதம் தள்ளிப் போடச் சொல்கிறவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது நியாயமில்லை என்பது என் கருத்து. அதற்குத் தனியாக ஒரு வழி வைத்திருக்கிறேன், கீழே வரும்.

ரயில்வேயிடம் கற்க வேண்டியது

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். டபிள்யூஎல் 40 / டபிள்யூஎல் 12 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண், டிக்கெட் எடுத்தபோது இருந்த இடம். அது மாறாது. இரண்டாவது எண் இப்போதைய இடம். அது குறைந்துகொண்டே வரும். மிக எளிமையான ஏற்பாடு. ஆனால் நாற்பதாம் இடத்தில் இருப்பவரைப் பொறுமையாக உட்கார வைப்பது இந்த இரண்டாவது எண்தான். வரிசை நகர்கிறது என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்.

நோட்டில் எழுதும் பட்டறைக்காரர் முதல் எண்ணை மட்டுமே தர முடியும். இரண்டாவது எண்ணைத் தருவதற்குத்தான் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது.

ஷீட்டை அமைப்போம்

புதிய ஒர்க்புக் ஒன்றைத் திறந்து முதல் ஷீட்டுக்குப் 'பட்டியல்' என்று பெயர் கொடுங்கள். முதல் வரிசையில் ஏ முதல் எம் வரை இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: வரிசை, பதிவு எண், பதிவு நாள், பெயர், கைபேசி, ஊர், அளவு, நிலை, அழைத்த நாள், செய்தது, மீதி, இடம், தயாராகும் நாள். வியூ மெனுவில் ஃப்ரீஸ் பேன்ஸ் சென்று மேல் வரிசையை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஐம்பதாவது பெயருக்கு வரும்போது எந்தக் காலம் எதற்கு என்று மறந்துவிடும்.

பதிவு எண் 1, 2, 3 என்று போகட்டும். ஒருவருக்குக் கொடுத்த எண்ணை அவர் விலகினாலும் வேறு ஒருவருக்குத் தராதீர்கள். 'வரிசை' காலம் வேறு. அதில் 10, 20, 30 என்று பத்துப் பத்தாகக் கொடுங்கள். பழைய பேசிக் மொழியில் புரோகிராம் எழுதியவர்களுக்கு இது உடனே விளங்கும். இடையில் ஒரு வரி செருக வேண்டி வந்தால் 25 என்று கொடுத்துச் செருகிவிடலாம், மற்றவற்றைத் தொட வேண்டாம். அதே தந்திரம்தான்.

கைபேசி காலத்தை முதலிலேயே டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றிவிட்டுப் பிறகு எண்களை டைப் செய்யுங்கள். எல்லாமே பத்து இலக்கமாக இருக்கட்டும். ஒரே வீட்டுக்குக் கணவர் ஒரு முறையும் மனைவி ஒரு முறையும் மேஸ்திரி ஒரு முறையும் பதிவது சாதாரணம். கைபேசி எண் வேறாக இருந்தாலும் ஊரையும் அளவையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம். எண் ஒன்றாக இருந்தால் கவுண்ட்இஃப் ஃபார்முலாவே காட்டிக்கொடுத்துவிடும்.

'நிலை' காலத்தில் ஆறு சொற்களுக்கு மட்டுமே இடம்: காத்திருப்பு, அழைப்பு, உற்பத்தி, நிறுத்தம், முடிந்தது, விலகல். இவற்றைக் கையால் டைப் செய்யக் கூடாது. ஹெச் காலத்தைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் க்ளிக் செய்யுங்கள். கால்க் என்றால் அதே மெனுவில் வேலிடிட்டி. தோன்றும் டயலாக் பாக்ஸில் லிஸ்ட் என்பதைத் தேர்வு செய்து ஆறு சொற்களையும் கொடுத்து ஓகே தட்டுங்கள். இனி அந்த செல்லில் கர்சரை வைத்தால் ஒரு சிறிய அம்புக்குறி வரும். அதிலிருந்து தேர்வு செய்தால் போதும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், 'காத்திருப்பு' என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலே கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. யூனிகோடில் 'பொன்னமராவதி' என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் டைப் செய்யலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் டைப் செய்யலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஆனால் உள்ளே எண்கள் வேறு. ஃபில்டர் போட்டால் ஒரே ஊர் இரண்டு ஊராகப் பிரிந்து நிற்கும். ஒருவர் கம்ப்யூட்டரிலும் இன்னொருவர் செல்போனிலும் டைப் செய்யும் இடங்களில் இதைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் போய்விடும். ஆகவே ஊர்ப் பெயரையும் முடிந்தவரை லிஸ்ட்டிலிருந்தே எடுங்கள்.

சதுர அடி போதாது

'அளவு' காலத்தில் வாடிக்கையாளர் சொல்லும் சதுர அடியை அப்படியே போட்டால் கணக்கு தவறும். காரணம், பட்டறை சதுர அடி செய்வதில்லை, கல் செய்கிறது. 10 அங்குலக் கல்லில் 900 சதுர அடிக்கு 1296 கல் வேண்டும். அதே 900 சதுர அடிக்கு 8 அங்குலக் கல் கேட்டால் 2025 கல். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி துடைத்து, அச்சு வைத்து, நிறம் ஊற்ற வேண்டும். ஒற்றை நிறக் கல்லுக்கும் ஐந்து நிறப் பூக்கல்லுக்கும் ஆகும் நேரமும் ஒன்றல்ல.

எனவே பட்டறைக்காரர் தம் அனுபவத்தில் ஒரு பெருக்கு எண் வைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றை நிறம் 1 என்றால், நிறைய நிறம் கொண்ட பூவேலைக்கு 1.5 என்று அவரே முடிவு செய்யலாம். வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்துக் கேட்ட சதுர அடியை இந்த எண்ணால் பெருக்கி வருவதைத்தான் ஜி காலத்தில் போட வேண்டும். இதைக் கணக்கு அளவு என்று சொல்லிக்கொள்வோம். பில் போடுவது அசல் சதுர அடிக்குத்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, பட்டறையின் ஒரு நாள் வேகம். புதிதாக ஒரு ஷீட் சேர்த்து 'தினசரி' என்று பெயர் கொடுத்து, தினமும் மாலையில் தேதியையும் அன்று முடித்த கணக்கு அளவையும் எழுதி வாருங்கள். கடைசி நான்கைந்து வாரத்தின் சராசரியை ஆவரேஜ் ஃபங்க்ஷன் மூலம் எடுத்து, 'திட்டம்' என்ற மூன்றாவது ஷீட்டில் பி1 செல்லில் வையுங்கள். யாரிடம் கேட்டாலும் சிறப்பாக ஓடிய நாளின் எண்ணைத்தான் சொல்வார்கள். திருவிழாவுக்குப் போனது, மழை பெய்தது, மணல் வராதது எல்லாம் சராசரிக்குள் இருந்தால்தான் தேதி உண்மையாக இருக்கும். காய வைப்பதற்கும் ஊற வைப்பதற்கும் மொத்தம் எத்தனை நாள் என்பதை பி2 செல்லில் போடுங்கள். நம் உதாரணத்துக்கு பி1-ல் 150, பி2-ல் 15 என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று ஃபார்முலாக்கள்

கே2 செல்லில் மீதி வேலை: =இஃப்(ஆர்(ஹெச்2="முடிந்தது",ஹெச்2="விலகல்",ஹெச்2="நிறுத்தம்"),0,ஜி2-ஜே2). முடிந்தவருக்கும் விலகியவருக்கும் தற்காலிகமாக நிறுத்தி வைத்தவருக்கும் மீதி பூஜ்யம். மற்றவர்களுக்கு அளவிலிருந்து செய்ததைக் கழித்து வரும்.

எல்2 செல்லில் இப்போதைய இடம்: =இஃப்(ஹெச்2="காத்திருப்பு",கவுண்ட்இஃப்(ஹெச்$2:ஹெச்2,"காத்திருப்பு"),""). இதில் டாலர் குறி முக்கியம். முதல் ஹெச்$2 நகராது, இரண்டாவது ஹெச்2 கீழே இழுக்க இழுக்க நகரும். அதனால் ஒவ்வொரு வரியிலும் மேலிருந்து அந்த வரி வரை உள்ள காத்திருப்பவர்களின் எண்ணிக்கை கிடைக்கும். ரயில்வேயின் இரண்டாவது எண் இதுதான்.

எம்2 செல்லில் தயாராகும் நாள்: =இஃப்(கே2=0,"",வொர்க்டே(டுடே(),ரவுண்ட்அப்(சம்(கே$2:கே2)/திட்டம்!$பி$1,0))+திட்டம்!$பி$2). மேலே உள்ள எல்லோருடைய மீதியையும் தன்னுடையதையும் கூட்டி, ஒரு நாள் வேகத்தால் வகுத்து, அத்தனை வேலை நாள் கழித்து வரும் தேதியுடன் காயும் நாளைச் சேர்க்கிறோம். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா தேதிகளை ஒரு பக்கம் எழுதி வைத்து வொர்க்டே ஃபங்க்ஷனின் மூன்றாவது விவரமாகக் கொடுத்தால் அந்த நாட்களையும் விட்டுவிடும். விடை ஏதோ ஐந்து இலக்க எண்ணாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் காலத்தைத் தேதி ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள்.

மூன்றையும் கடைசி வரி வரை இழுத்துவிடுங்கள். வரிசை மாற்றி சார்ட் செய்யும் போதெல்லாம் இரண்டாம் வரியிலிருந்து மறுபடி ஒரு முறை இழுத்துவிடுவது நல்ல பழக்கம்.

கூட்டி வகுக்கும் இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு தேற்றமும் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. நெடுநாள் சராசரியில், வரிசையின் நீளம் என்பது வருகிற வேகத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. எங்கள் ஆபீசில் சர்வருக்கு வரும் ரிக்வெஸ்ட்டுகளுக்கும் இதையேதான் போடுகிறோம்.

ஒரு பெரிய ஆர்டர் வந்தால்

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். பட்டியலில் ஐந்து பேர். வலையபட்டி வீடு 900, அதில் 600 முடிந்து மீதி 300. தேவகோட்டை வீடு 1200. மதுரையில் ஒரு ஹோட்டல் 4200. கானாடுகாத்தான் வீடு 600. திருச்சி வீடு 750. ஒரு நாள் வேகம் 150.

கூட்டிக்கொண்டே வந்தால் 300, 1500, 5700, 6300, 7050. வேலை நாளாக மாற்றினால் 2, 10, 38, 42, 47. கானாடுகாத்தான்காரருக்கு வேண்டியது நான்கு நாள் வேலை. ஹோட்டலுக்குப் பின்னால் நிற்பதால் 42 நாள். நெட்வொர்க் பாடத்தில் இதைத்தான் ஹெட் ஆஃப் லைன் ப்ளாக்கிங் என்று படித்திருப்போம். குறுகிய சந்தில் முன்னால் வைக்கோல் வண்டி போனால் பின்னால் சைக்கிளும் நிற்கத்தான் வேண்டும்.

வைன்காரர்களின் உச்சவரம்பு இங்கு உதவுகிறது. ஒரு முறையில் ஒருவருக்கு 2100-க்கு மேல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலின் ஆர்டரை இரண்டாக உடைத்து, முதல் பாதியை அதன் இடத்திலும் இரண்டாம் பாதியைக் கடைசியிலும் போடுங்கள். 300, 1500, 3600, 4200, 4950, 7050. நாட்கள் 2, 10, 24, 28, 33, 47. கானாடுகாத்தானுக்கும் திருச்சிக்கும் 14 வேலை நாள் மிச்சம். ஹோட்டலுக்கு முழுவதும் கிடைப்பது 38-க்குப் பதில் 47-ம் நாள், ஆனால் பாதி 24-ம் நாளே கைக்கு வந்துவிடும். தரை போடும் ஆட்கள் அதற்குள் அந்தப் பாதியைப் பதித்துக்கொண்டிருப்பார்கள்.

இதை ஹோட்டல்காரரைக் கேட்காமல் செய்யக் கூடாது. இன்னொன்று, கையால் கலக்கும் நிறம் ஒரு கலவைக்கும் அடுத்த கலவைக்கும் மெல்லிய வித்தியாசம் காட்டும். அதனால் உடைப்பதை அறைக் கணக்கில் உடைக்க வேண்டும். ஒரே கூடத்தின் பாதித் தரையை இப்போதும் மீதியை ஒன்றரை மாதம் கழித்தும் செய்தால், வாசலில் வந்து நிற்கிறவர் முதல் பார்வையிலேயே கோட்டைக் கண்டுபிடித்துவிடுவார். ஷீட்டில் இரண்டு வரிக்கும் ஒரே பதிவு எண்ணை அ, ஆ என்று சேர்த்துக் கொடுங்கள்.

பூஜை அறைக்கு 60 சதுர அடி, முகப்பு நடைக்கு 100 சதுர அடி என்று வருகிறவர்கள் உண்டு. இவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளை, சனிக்கிழமையை, ஒதுக்கிவிடுவது நல்லது. இவர்களைத் தனி ஷீட்டில் வையுங்கள். இதில் ஒரு வசதி தானாகவே கிடைக்கிறது. சாதாரண வொர்க்டே ஃபங்க்ஷன் சனி, ஞாயிறு இரண்டையும் விடுமுறையாக எடுத்துக்கொள்ளும். பெரிய ஆர்டர் ஷீட்டுக்கு நமக்கு வேண்டியதும் அதுவே. சிறு ஆர்டர் ஷீட்டில் வொர்க்டே.இன்டல் என்ற ஃபங்க்ஷனைப் பயன்படுத்தி, மூன்றாவது விவரமாக "1111101" என்று கொடுங்கள். திங்கள் தொடங்கி ஞாயிறு வரை ஏழு இலக்கம், 1 என்றால் விடுமுறை, 0 என்றால் வேலை. இங்கு சனி மட்டும் வேலை நாள்.

அழைப்பும் கெடுவும்

ஒருவருக்கு முறை வரும்போது நிலையை 'அழைப்பு' என்று மாற்றி, ஐ காலத்தில் அன்றைய தேதியைப் போடுங்கள். கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு செமிகோலன் தட்டினால் எக்செல்லில் இன்றைய தேதி வந்துவிடும். டுடே ஃபங்க்ஷன் இங்கு வேண்டாம், நாளைக்கு அது நாளைய தேதியாகிவிடும்.

டிசைனையும் அளவையும் உறுதி செய்து முன்பணம் கட்ட ஏழு நாள் கெடு. கெடு தாண்டியவர்களைச் சிவப்பில் காட்ட, வரிகளைத் தேர்வு செய்து ஹோம் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மட்டிங், நியூ ரூல் சென்று, ஃபார்முலா மூலம் என்ற கடைசி வகையைத் தேர்வு செய்து இதைக் கொடுங்கள்: =ஆண்ட்($ஹெச்2="அழைப்பு",டுடே()>$ஐ2+7). நிறத்தைத் தேர்வு செய்து ஓகே கொடுத்தால் முடிந்தது. காலையில் ஃபைலைத் திறந்ததும் யாருக்குப் போன் போட வேண்டும் என்று தெரிந்துவிடும். போன் போடாமல் பெயரை அடிக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர், நேரமும் நம்பரும் மாறியிருக்கலாம்.

பதில் மூன்று வகையில் வரும். சரி என்றால் 'உற்பத்தி'. வேறு தரை போட்டுவிட்டோம் என்றால் 'விலகல்'. வேலை தாமதம், கொஞ்சம் பொறுங்கள் என்றால் 'நிறுத்தம்'. நிறுத்தம் கொடுத்தவரின் மீதி கணக்கில் பூஜ்யமாகிவிடுவதால், பின்னால் இருப்பவர்களின் தேதி உடனே முன்னால் வரும். அவர் திரும்பி வரும்போது, ஏற்கனவே அழைப்புப் போனவர்களுக்குப் பின்னாலும் வெறும் காத்திருப்பில் இருப்பவர்களுக்கு முன்னாலும் 'வரிசை' எண் கொடுத்துச் செருகுங்கள். தேதி வாங்கியவர் யாருக்கும் தேதி தள்ளாது, இவருக்கும் பழைய இடம் வீணாகாது. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் பதிவைப் புதுப்பிக்க மறந்து சீனியாரிட்டியை இழந்தவர்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

முன்பணம் எப்போது வாங்குவது என்பதில் இரண்டு கருத்து உண்டு. 1983-ல் மாருதி கார் புக்கிங் தொடங்கியபோது பதியும்போதே 10,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. பணம் கட்டியவர் சும்மா பதிந்தவராக இருக்க மாட்டார், பட்டியல் சுத்தமாக இருக்கும். ஆனால் மூன்று மாதம் கழித்துத் தரப்போகும் கல்லுக்கு இன்றே பெரும் தொகை வாங்கினால், அந்தப் பணம் மணலுக்கும் கூலிக்கும் செலவாகிவிடும். விலகுகிறவருக்குத் திருப்பித் தரக் கையில் இருக்காது. பதியும்போது சிறு தொகை, அழைப்பின்போது மீதி முன்பணம் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பதிவை இன்னொருவர் பெயருக்கு மாற்ற அனுமதிக்காதீர்கள். பஜாஜ் சேதக் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில் புக்கிங் சீட்டே கைமாறி விலை போனது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

எந்தத் தேதியைச் சொல்வது?

எம் காலத்தில் வரும் தேதி தினமும் கொஞ்சம் நகரும். அதை அப்படியே வாடிக்கையாளருக்குச் சொல்லாதீர்கள். காத்திருப்பில் இருப்பவருக்கு இடத்தையும் மாதத்தையும் சொன்னால் போதும். "பதியும்போது 31-வது இடம், இன்று 12-வது இடம், மாசி மாதக் கடைசியில் எதிர்பார்க்கலாம்" என்ற அளவில். தேதி என்பது உற்பத்திக்குப் போன பிறகுதான்.

இந்தக் கட்டுப்பாடு ஏன் என்றால், நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை. மார்கழியைத் தாண்ட வேண்டும் என்பதால் தை முதல் முகூர்த்தங்களில் எல்லோரும் வந்து விழுவார்கள். தை மாதக் கிரகப்பிரவேசத்துக்குக் கல் கார்த்திகையில் கைக்கு வர வேண்டும், பதித்துத் துடைத்து எடுக்க நாள் வேண்டுமே. அப்படியானால் ஐப்பசியில் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். கல் காயாது, வேகமும் குறையும். கேட்பவர் அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் பட்டறை மெதுவாக ஓடுகிறது. ஆவணி, புரட்டாசியிலேயே பி1-ல் ஒரு மழைக்கால வேகத்தையும் பி2-ல் கூடுதல் காயும் நாளையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். எம் காலத்தில் யாருடைய தேதி தையைத் தாண்டுகிறது என்று தெரியும். அவர்களிடம் இப்போதே சொன்னால் ஒரு போன் காலோடு முடியும். பத்திரிகை அடித்த பிறகு சொன்னால் அந்தக் குடும்பத்துக்குத் தரை இல்லாத வீட்டில் பால் காய்ச்ச வேண்டிய நிலை.

கடைசித் தேதி ஓர் எல்லையைத் தாண்டியதும் பதிவை மூடிவிடுங்கள். ஆறு மாதம் என்பது நியாயமான எல்லை. மூடுவது வியாபாரத்துக்கு நஷ்டம் என்று தோன்றும். ஆனால் கிடைக்காது என்று இன்றே தெரிந்தவர் வேறு தரை பார்த்துக்கொள்வார்.

செய்தி அனுப்பும்போது

மாதம் ஒரு முறை இடத்தைச் சொல்லிச் செய்தி அனுப்புங்கள். மெயில் முகவரி இருந்தால் வேர்டில் மெயில் மெர்ஜ் மூலம் இதே ஷீட்டைக் கொடுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பலாம். வாட்ஸ்அப் என்றால் எல்லோரையும் ஒரு குரூப்பில் போடாதீர்கள். ஒருவர் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும், டைல்ஸ் ஏஜெண்டும் அதில் வந்து உட்கார்ந்திருப்பார். ப்ராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே பதியும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் விவரங்களைப் பாதுகாப்பது பற்றி 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஃபைலுக்கு ஒரு பாஸ்வேர்ட் போடுங்கள். ஃபைல் மெனுவில் இன்ஃபோ, ப்ரொடெக்ட் ஒர்க்புக் என்ற இடத்தில் அந்த வசதி இருக்கிறது. பாஸ்வேர்டை மறந்தால் எக்செல் மீட்டுத் தராது என்பதால் அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

வாரக் கடைசியில் பட்டியலை அன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு பென் டிரைவில் சேமித்து, ஒரு பிரிண்ட்டும் எடுத்து ஃபைலில் கோர்த்து வையுங்கள். பட்டறையில் கரண்ட் இல்லாத நேரத்திலும் வாடிக்கையாளர் போன் செய்யத்தான் செய்வார்.